கம்பத்தடிக் கும்மியும் ஊர்ப்பேச்சுக் கவிதையும்: ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தோம்

மேற்கால ஊட்டுக்காரன்

இந்த வருடம் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் ஒரு காரியம் செய்து பார்த்தோம். பாதி தேறியது, பாதி சொதப்பியது, இரண்டையும் எழுதி வைக்கிறேன். ஊர் காங்கயத்துக்குத் தெற்கே, பேர் வேண்டாம்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பூச்சாட்டியதும் கோயில் முன்னால் மூன்று கிளையாகப் பிரிந்த மரக்கம்பம் ஒன்றை நடுவார்கள். அது அம்மனுக்குப் புருசன் என்று கணக்கு. அதைப் பிடுங்கித் தண்ணீரில் விடும் வரைக்கும் ராத்திரியானால் பறை, ஆட்டம், கும்மி எல்லாம் அதைச் சுற்றித்தான். ஆனால் பொங்கல் முடிந்து மஞ்சள் நீராட்டு அன்றைக்கு ராத்திரி மட்டும் பத்துப் பதினைந்து வருடமாக ஆர்க்கெஸ்ட்ரா. சினிமாப் பாட்டு, குத்தாட்டம், பன்னிரண்டு மணிக்கு போலீஸ் வந்து நிறுத்தும், அத்தோடு சரி. இந்தத் தடவை அதற்குப் பதிலாக ஊர்ப்பாட்டும், எங்கள் பேச்சிலேயே எழுதிய கவிதையும் மட்டும் வைக்கலாம் என்று நாங்கள் நாலு பேர் ஊர்க்கூட்டத்தில் கேட்டோம். ஒத்துக்கொண்டது எங்கள் பேச்சு சாமர்த்தியத்தால் அல்ல, வரி வசூல் குறைந்திருந்தது, அதனால்.

முதலில் கிழவிகள் கும்மி. இதில்தான் முதல் சொதப்பல். கும்மி சுற்றிக்கொண்டே போகும், மைக் ஒரே இடத்தில் நிற்கும். மைக் பக்கம் வரும்போது ஒரு அம்மாயியின் குரல் மட்டும் ஊரைத் தூக்கும், அந்தப் பக்கம் போனதும் கைதட்டும் சத்தம்தான். போதாததற்கு சவுண்டு சர்வீஸ் பையன் எக்கோ வேறு வைத்துவிட்டான். அப்புறம் மைக்கையே அணைத்துவிட்டு, உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னோம். அதன் பிறகு நன்றாக இருந்தது.

அடுத்து உடுக்கடிப் பாட்டு, பொன்னர் சங்கர் என்ற அண்ணன்மார் கதையில் அவர்கள் அப்பன் குன்னுடையான் படும் பாடு. இந்தக் கதையைத்தான் 1965இல் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் இதே காங்கயம் பக்கம் தங்கியிருந்தபோது, பாடகர் ராத்திரி ராத்திரியாகப் பாடப் பாட டேப்பில் பதிந்தார். பிறகு 1992இல் தமிழும் ஆங்கிலமுமாக அச்சிலும் வந்தது. எங்களுக்குக் கிடைத்த பாட்டுக்காரர் எழுபது தாண்டியவர். ஒரு மணி நேரம் தருகிறோம் என்றதற்கு, "ஒரு மணி நேரத்துல வளநாட்டுக்கு வழி கூடச் சொல்ல முடியாதுங்களே" என்றார். ஆனாலும் பாடினார்.

கடைசியில் கவிதை. காலேஜ் படிக்கும் ஒரு பையன் நன்றாகத்தான் எழுதியிருந்தான், ஆனால் வாசிக்கும்போது பட்டிமன்றக் குரல் வந்துவிட்டது. "கட்டுத்தரை" என்ற மாட்டுக்கொட்டகைச் சொல்லைக்கூடத் தலைவர் பேசுகிற மாதிரி வாசித்தான். ஆட்கள் செல்போனை எடுத்துவிட்டார்கள். அடுத்தது பத்தாவது படிக்கும் பொண்ணு. அவள் தன் அம்மாயி பேசுகிற மாதிரியே, இழுத்து, "ங்க" போட்டு வாசித்தாள். முதல் இரண்டு வரிக்குச் சிரிப்பு. நாலாவது வரிக்குச் சத்தமே இல்லை. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு கிழவி, "அரிசிய எவடி அட்டாலியில வெப்பா? மொடாவுலதான் வெப்பா!" என்று கத்தினார். (அட்டாலி என்றால் பரண், மொடா பெரிய பானை.) ஊரே சிரித்தது. பொண்ணு அங்கேயே திருத்தி மறுபடி வாசித்தாள்.

எனக்கு அந்த ராத்திரியில் இதுதான் பிடித்தது. ஆர்க்கெஸ்ட்ராக்காரனை யாரும் திருத்த மாட்டார்கள், அவன் பாட்டு தப்பானால் யாருக்கும் ஒன்றும் போகவில்லை. இங்கே ஒரு சொல் இடம் மாறினாலும் சொல்ல ஆள் இருக்கிறது.

கேள்விகள்: ஊர்ப்பேச்சை எழுதும்போது எப்படி எழுதுகிறீர்கள்? உங்கள் ஊரில் இது மாதிரி வைத்தால் எது எடுபடுகிறது, எது எடுபடவில்லை?

கொடைக்கு வந்தவன்

அண்ணாச்சி, ஒரு மணி நேரம் சமாச்சாரம் எங்க பக்கமும் இருக்கு. நான் திருநெல்வேலிக்குத் தெக்கே, வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன்.

கோயில் கொடையில், அதாவது எங்கள் பக்கத்துத் திருவிழாவில், வில்லுப்பாட்டு என்றால் அது நிகழ்ச்சி இல்லை, பூசையில் ஒரு பகுதி. நடுவில் வில், அதில் கட்டித் தொங்கும் மணி, வீசுகோல் இரண்டும் தலைமைப் பாடகரான அண்ணாவி கையில். வில்லோடு சேர்த்துப் பிடித்த குடம், அதன் வாயில் மட்டையால் அடிக்கும்போது வயிற்றுக்குள்ளே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். உடுக்கை, தாளம், கட்டை. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் அடியை வாங்கிப் பாடுவார், ஆமாம் போடுவார், கேள்வி கேட்பார். கதை எவ்வளவு நேரம் என்பதைக் கடிகாரம் சொல்லாது. சுடலைமாடன் கதையில் இன்ன இடம் வரும்போது சாமியாடிக்கு அருள் வரவேண்டும். வரவில்லை என்றால் அண்ணாவி அந்த இடத்தையே சுற்றிச் சுற்றிப் பாடுவார், வேகத்தைக் கூட்டுவார், வந்துவிட்டால் கதையை அப்படியே நிறுத்திவிட்டு மேளக்காரனுக்கு விட்டுவிடுவார். ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார், 1988இல் வந்தது.

இதையே ஒரு கலைவிழாவில் இருபது நிமிடத்துக்குப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அண்ணாவி பாவம், எய்ட்ஸ் விழிப்புணர்வையும் கதைக்குள் சொருகி முடித்துவிட்டு இறங்கினார். நான் குறை சொல்லவில்லை, அவருக்கும் சம்பளம் வேணும். ஆனால் நீங்கள் கம்பத்தடியிலேயே, நோம்பி ராத்திரியிலேயே வைத்தீர்கள் பாருங்கள், அது சரியான இடம். பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடைக்குக் கொண்டுபோயிருந்தால் அந்தக் கிழவி வாயைத் திறந்திருக்க மாட்டார்.

இன்னொன்று. வில்லுப்பாட்டில் பாட்டு ஒரு தமிழ், இடையில் வரும் வசனம் வேறு தமிழ். பாட்டில் ராசா "வந்தாரே" என்று வருவார், வசனத்தில் அதே ராசா "வந்தாவ, இருந்தாவ, வெத்தல போட்டாவ". கூட்டம் விழித்திருப்பது இந்த "ஆவ"வுக்காகத்தான் என்று எனக்கு எப்போதும் தோன்றும். உங்கள் பட்டிமன்றக் குரல் பையனுக்கு இதைச் சொல்லுங்கள்.

சும்மா படிக்கிறவன்

செலவு எவ்வளவு ஆச்சுன்னு சொல்லுங்க. எங்க ஊர்ல கேட்டா முதல் கேள்வி அதுதான்.

மேற்கால ஊட்டுக்காரன்

மொத்தம் முப்பத்தெட்டாயிரம். பறைக் குழு ஏழு பேர், அவர்களுக்குப் பதினைந்து. உடுக்கடிக்காரருக்கும் கூட வந்தவருக்கும் ஆறு, போக்குவரத்து தனி. சவுண்டு, லைட் எட்டு. கும்மிக்காரம்மாக்கள் பணம் வேண்டாம் என்றார்கள், ஆளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தோம். எல்லாம் ஒரே நிறத்தில் எடுத்துவிட்டோம் என்று இன்னும் திட்டு விழுகிறது. மிச்சம் சாப்பாடு. கவிதை எழுதியவர்களுக்குக் கைதட்டு மட்டும்தானுங்க. ஆர்க்கெஸ்ட்ரா என்றால் இதைப் போல மூன்று மடங்கு ஆகியிருக்கும்.

ஓய்வுபெற்ற தமிழம்மா

தம்பி, எழுதுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் விருத்தாசலம் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் நடத்தியவள், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எல்லா ஓசையையும் எழுத்தில் பிடிக்கப் பார்க்காதீர்கள், முடியாது. ஒரு சின்ன உதாரணம். "அவன் வந்தான்" என்பதை நாம் பேசும்போது கடைசி "ன்" மூக்கிலேயே கரைந்துவிடும். அந்த மூக்கொலிக்கு நம்மிடம் எழுத்து இல்லை. "வந்தா" என்று எழுதினால் வாசிப்பவர் "அவள் வந்தாள்" என்றோ "வந்தால்" என்றோ எடுத்துக்கொள்வார். அதனால் பேச்சுத் தமிழில் நன்றாக எழுதுகிறவர்கள்கூட "வந்தான்" என்று விட்டுவிடுவார்கள், வாசிப்பவரின் நாக்கு பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, உங்கள் ஊர்க் கன்றுக்குட்டி. "கண்ணு" என்று எழுதினால் குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி ஆகிவிடும், "கன்னு" என்று எழுதினால் மாட்டுக்கொட்டகை தெரியும். எங்கே குழப்பம் வருமோ அங்கே மட்டும் கவனம் வைத்தால் போதும்.

காக்க வேண்டியது சொல்லையும் வினை முடிகிற விதத்தையும்தான். ஒறம்பரை, வெசனம், பொடக்காளி என்பவை உங்கள் சொற்கள், அவற்றை "விருந்தாளி, கவலை, புழக்கடை" என்று மாற்றினால் கவிதையே வேறு ஊருக்குக் குடிபோய்விடும். ஆனால் "போயிட்டு" என்பதைப் "போய்ட்டு, போயிட்டு, பொய்ட்டு" என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள். கி. ராஜநாராயணன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கரிசல் சொற்களை அகராதியாகவே போட்டார், 1982இல். கொங்குக்குப் பெருமாள்முருகன் 2000த்தில் செய்தார், எங்கள் நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன் 2007இல். கவிதையில் என்றால் எங்கள் பக்கத்து பழமலய், 1988இல் வந்த அவருடைய 'சனங்களின் கதை'யில் அப்பா அம்மா பெரியப்பா என்று சொந்த சனத்தையே பேர் சொல்லி உட்கார வைத்தார். அது வந்த புதிதில் எங்கள் ஆசிரியர் அறையில், இது கவிதையா, கல்யாண வீட்டுப் பேச்சா என்று சண்டை. எனக்கு அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் என்று சொல்லவேண்டியதில்லை.

வகுப்பில் நான் கண்டதைச் சொல்கிறேன். பிள்ளைகளிடம் கவிதை எழுதுங்கள் என்றால் நிலவே, மலரே, தாயே. "உங்க ஆயா நேத்து உன்னை எப்படித் திட்டுச்சு, அப்படியே எழுது" என்றால் இரண்டு பக்கம் எழுதுவார்கள். அதில் நாலு வரியாவது தேறும்.

கறார்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். பிள்ளைகளுக்கு ல, ள, ழ ஒழுங்காக எழுத வரவில்லை. இதில் பேச்சுவழக்கை மேடையேற்றிக் கைதட்டினால் தேர்விலும் அப்படியே எழுதுவார்கள். நாலு மாவட்டம் தள்ளிப் போனால் புரியாத சொல்லை வைத்துக் கவிதை எழுதி யாருக்கு என்ன லாபம்? பொதுத்தமிழ் என்று ஒன்று இருப்பதே நாம் எல்லோரும் ஒருவரையொருவர் படிக்கத்தானே.

ஓய்வுபெற்ற தமிழம்மா

கறார் தம்பி, விடைத்தாள் கட்டுக்கட்டாகத் திருத்தியவள் சொல்கிறேன். ஊர்ப்பேச்சில் எழுதத் தெரிந்த பிள்ளைதான் எது பேச்சு, எது எழுத்து என்று பிரித்துப் பார்க்கிறது. "ஊடு" என்று கவிதையில் வேண்டுமென்றே எழுதியவனுக்கு "வீடு" எழுதத் தெரியும். எதையுமே தானாக எழுதாமல் கோனார் உரையை மனப்பாடம் செய்தவன்தான் ல, ள, ழ மூன்றிலும் தடுமாறுவான்.

புரியாத சொல் பற்றிச் சொன்னீர்கள். சங்கப்பாட்டு மட்டும் நமக்கு உரை இல்லாமல் புரிகிறதா? அதற்குக் கீழே ஒரு வரி பொருள் போட்டுப் படிக்கிறோம். பொடக்காளிக்கும் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

அடிக்குச்சி

நான் பறை அடிப்பவன். எங்கப்பாவும் அடித்தார், அவரப்பாவும் அடித்தார், ஆனால் அவர்களைக் கேட்டால் "கலை" என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் இந்தப் பேச்சில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், யாரும் சங்கடப்பட வேண்டாம்.

ஊர்ப்பாட்டு என்று எல்லோரும் சந்தோசமாகச் சொல்கிறீர்கள். கும்மி பாடும் அம்மாவுக்கு அது சந்தோசம். எங்கள் அப்பாவுக்குச் சாவு வீட்டு வாசலுக்கு வெளியே, வெயிலில், நாள் முழுக்க நின்று அடித்த கடமை. அடிக்க வரமாட்டேன் என்று சொன்ன எங்கள் ஆட்களுக்கு என்னென்ன நடந்தது என்பது ஒவ்வொரு ஊரிலும் ஒரு கதை. நான் படித்து முடித்து மூன்று வருடம் பறையைத் தொடாமல் இருந்தேன். பிறகு தஞ்சாவூர் ரெட்டிப்பாளையம் ஆட்களின் தப்பாட்டத்தை மேடையில் பார்த்துவிட்டு வந்துதான் மறுபடி எடுத்தேன். இப்போது கல்லூரிப் பிள்ளைகள், பெண்கள், ஐடி வேலைக்காரர்கள் எல்லோரும் கற்றுக்கொள்ள வருகிறார்கள். 2025இல் மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது எங்கள் தெருவில் வெடி போட்டோம்.

மேற்கால ஊட்டுக்காரரே, பதினைந்தாயிரம் கொடுத்தது சரி, இன்றைக்கு நியாயமான கூலிதான். நான் கேட்பது வேறு. அவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்? கவிதை வாசித்தவர்கள் பேரை மைக்கில் சொன்னீர்களா? பறைக்காரர்கள் பேரையும் ஒவ்வொன்றாகச் சொன்னீர்களா, இல்லை "பறைக் குழுவினர்" என்று முடித்துவிட்டீர்களா?

அப்புறம் ஒரு தொழில் விசயம். பறையைத் தீயில் காய்ச்ச இடமும் வைக்கோலும் கொடுங்கள். தோல் பனியில் தொங்கிவிட்டால் சுண்டுக்குச்சி சத்தமே எழும்பாது, டப்பாவில் அடித்த மாதிரி இருக்கும். பல ஊரில் பந்தலுக்குப் பக்கத்தில் தீ மூட்டக்கூடாது என்று துரத்துவார்கள், அதனால்தான் பாதிப் பேர் பைபர் தோலுக்கு மாறினார்கள். பைபர் கெட்டியாகப் பேசும், ஆனால் சாமிச்சாட்டு அடிக்கு அதில் அந்தக் கனம் வராது.

வயதான கலைஞர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள், 2007லிருந்து இருக்கிறது. மாவட்டக் கலை மன்ற விருதும் வயதுவாரியாக உண்டு, அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குக் கலை முதுமணி. அவர்களுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாது, நமக்குத் தெரியும்.

மேற்கால ஊட்டுக்காரன்

அடிக்குச்சி அண்ணே, நேராகவே சொல்கிறேன். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தி, அதில் நாங்கள் நாலு பேரும் முன்கூட்டியே பேசி உறுதியாக இருந்தோம். இரண்டு பெரியவர்கள் சாப்பிடாமல் எழுந்து போனார்கள், போகட்டும் என்று விட்டோம். பேர் விசயத்தில் மாட்டிக்கொண்டேன். குழுத் தலைவர் பேரை மட்டும்தான் சொன்னோம். இது எனக்கு உறைக்கவே இல்லை, நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது. அடுத்த வருடம் ஏழு பேரையும் சொல்வோம்.

இன்னொரு சங்கதியும் நடந்தது. எங்கள் ஊரில் ஒப்பாரிக்குப் பேர் போன ஒரு அம்மாயி இருக்கிறார், பக்கத்து ஊர்ச் சாவுக்கெல்லாம் கூப்பிடுவார்கள். அவரை மேடைக்கு அழைத்தோம். "நோம்பி சாட்டுன ஊர்ல ஒப்பாரி வெக்கச் சொல்றியே, நீயெல்லாம் படிச்சவனா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். அவர் பாட்டை அடுத்த தலைமுறைக்கு எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை.

முளைக்கொட்டுத் திண்ணை

அந்த அம்மாயி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் தம்பி. எங்கள் சிவகங்கைப் பக்கமும் சும்மா இருக்கையில் ஒப்பாரி பாட மாட்டார்கள், வீட்டுக்கு ஆகாது. நான் எங்கள் பெரியத்தையிடம் பல வருடம் கேட்டும் பாடவில்லை. மாமா இறந்து கருமாதி முடிந்த மூணாம் நாள், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தார். மாமா வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தவர்.

"மாடிவீடு கட்டையில மண்சுமந்த எஞ்சாமி
மச்சு வந்து சேருமுன்னே மண்ணுக்குள்ள போனீரே"

இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அத்தையே கட்டியது. மெட்டும் "எஞ்சாமி"யும் பழசு, மண்ணும் மச்சும் எங்கள் வீட்டுச் சங்கதி. ஒப்பாரி எல்லாமே அப்படித்தான், செத்தவர் யார் என்று தெரிந்தால்தான் அடுத்த அடி வரும். அதனால் மேடையை விட்டுவிடுங்கள். அந்த அம்மாயியோடு சாவு வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார ஒரு பேத்தி கிடைத்தால் போதும்.

எங்கள் பக்கம் பொம்பளைகளுக்குப் பாட ஊரே கொடுத்திருக்கும் இடம் முளைப்பாரிதான். முளை போட்ட நாளிலிருந்து கரைக்கும் நாள் வரை ராத்திரி கூடிக் கும்மி. கொல்லங்குடி கருப்பாயி பேர் எல்லோருக்கும் தெரியும், 1985இல் சினிமாவுக்குப் போவதற்கு முன்னாலேயே வானொலியில் பாடியவர். அவர் மாதிரிப் பாடுகிறவர்கள் ஊருக்கு இரண்டு பேர் இருந்தார்கள், வானொலி நிலையம்தான் எல்லோர் வாசலுக்கும் வரவில்லை.

தாலாட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் போகமாட்டேன். குழந்தையை யார் அடித்தது என்று கேட்கிற இடத்தில் மாமன் மல்லிகைப்பூச் செண்டால் அடித்தானா, அத்தை அரளிப்பூச் செண்டால் அடித்தாளா என்று வரும். மாமன் அம்மாவின் அண்ணன் தம்பி, அவனுக்கு மல்லிகை. அத்தை புருசனின் அக்கா தங்கச்சி, அவளுக்கு அரளி. அரளி விசம் என்று தெரியாத பொம்பளை எங்கள் பக்கம் உண்டா? மாமியார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நாத்தனார் காதில் விழும்படி, பிள்ளையைத் தூங்கவைக்கிற சாக்கில் பாடியிருக்கிறார்கள். புத்தகத்தில் இரண்டையும் மணக்கிற பூவாக மாற்றிப் போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். யார் மாற்றினாரோ, அவர் நாத்தனாரைப் பெற்ற வீடாக இருக்கும்.

கொடைக்கு வந்தவன்

அக்கா, அரளிக்கு ஒரு கும்பிடு!

பாட்டைச் சுத்தம் பண்ணுவது பெரிய வேலையாகவே நடந்திருக்கிறது. முத்துப்பட்டன் கதை எங்கள் பக்கம் வில்லில் பாடுவது. பட்டன் பிராமணன், அவன் கட்டிக்கொள்ளும் பொம்மக்கா, திம்மக்கா இருவரும் சக்கிலியர் வீட்டுப் பெண்கள். அவர்களுக்காகப் பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்று, மாமனார் மாட்டைக் காக்கப் போய் வெட்டுப்பட்டுச் சாகிறான். பின்னால் வந்த அச்சுப் பிரதியில் அந்தப் பெண்கள் பிறப்பில் பிராமணர்தான், காட்டில் கிடந்து எடுத்து வளர்த்தார்கள் என்று ஒரு கிளைக்கதையைச் சேர்த்துவிட்டார்கள். நா. வானமாமலை பழைய ஏட்டையும் பாடுகிறவர்களின் பாட்டையும் வைத்துப் பார்த்து, இது ஒட்டு என்று காட்டினார். அவர் ஊர் நாங்குநேரி, எங்க பக்கத்து ஆள். எழுபதுகளில் மதுரைப் பல்கலைக்கழகம் அவர் பதிப்பித்த கதைப்பாடல்களை வெளியிட்டது.

நான் சொல்ல வருவது, நம்மைப் போல "கொண்டாடுகிற" ஆட்கள்தான் அதிகமாகச் சுத்தம் பண்ணுவோம். கலெக்டர் வருகிறார், அந்த வரியை விட்டுருங்க. பிள்ளைகள் இருக்காங்க, அந்தக் கும்மி வேண்டாம். கும்மியில் மச்சானைக் கிண்டல் பண்ணுகிற அடிகளையெல்லாம் எடுத்துவிட்டால் கைதட்டு மட்டும்தான் மிஞ்சும். ஆனால் சாதிப் பேரைச் சொல்லி இழிவாகப் பேசும் அடியும் பழம்பாட்டில் இருக்கிறது, அதைப் பழமை என்று மைக்கில் பாடவேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். நோட்டில் அப்படியே எழுதி வைக்கலாம், ஊர் நடுவில் பாட வேண்டாம். இது முன்னுக்குப் பின் முரண் என்றால் ஆமாம், முரண்தான்.

டேப்புக்காரன்

பதிவு பண்ணுவது பற்றி யாரும் பேசவில்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கும்மிக்கு மைக் ஸ்டாண்டு உதவாது. வட்டத்துக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, அதன்மேல் மடித்த துண்டு, அதன்மேல் செல்போன். ஏரோபிளேன் மோடு போட மறக்காதீர்கள். என்னிடம் ஒரு அருமையான நடவுப்பாட்டு இருக்கிறது, நடுவில் கடன் அட்டை வேண்டுமா என்று கேட்டு ஒரு அழைப்பு.

பாட்டு முடிந்ததும் பதிவை நிறுத்தாதீர்கள். பாடியவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "இத எங்கம்மா அந்த மேட்டுக்காட்டுல களை வெட்டையில பாடுவா, வெயிலேற ஏற இழுத்துப் பாடுவா" என்று சொல்வது அப்போதுதான். அது இல்லாமல் வெறும் பாட்டை வைத்து என்ன வேலைக்கு எவ்வளவு வேகத்தில் பாடியது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது. ஏற்றப்பாட்டு அப்படித்தான் போனது. எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கே பாட்டுக்குள் இருக்கும், எண்ணும் பாட்டும் ஒன்று. மோட்டார் பம்பு வந்ததும் எண்ண ஒன்றுமில்லை. இப்போது யாராவது மேடையில் பாடினால் எண்களைத் தாவிப் பாடுகிறார்கள், கேட்பவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

யூடியூபில் போடுமுன் பாடியவரிடம் கேளுங்கள். எல்லோரும் சரி என்று சொல்லமாட்டார்கள். ஒரு ஆத்தா என்னிடம், "எம்பட பாட்டு, நாஞ் செத்த பொறவு போட்டுக்க" என்றார். சரி என்று பெட்டியில் வைத்திருக்கிறேன்.

சும்மா படிக்கிறவன்

அந்தப் பத்தாவது படிக்கிற பொண்ணோட கவிதையை யாரும் கேட்கவே இல்லையே. போடுங்க.

மேற்கால ஊட்டுக்காரன்

கேட்டுவிட்டேன். பேர் போடாமல் போட்டுக்கொள்ளச் சொன்னாள், காரணம் கேட்டதற்கு "எங்க அம்மாயியப் பத்தி எழுதிருக்கறன், ஒறம்பரைக்கெல்லாம் தெரிஞ்சா வெய்யும்" என்றாள்.

முதலில் இது "அட்டாலியில கையுட்டு" என்றுதான் இருந்தது. கிழவி கத்திய பிறகு மொடா ஆனது. மேடையில் அந்த ஒரு சொல்லை மட்டும்தான் மாற்றினாள். சத்தம் பற்றிய இரண்டு வரி அன்றைக்கு இல்லை, வீட்டுக்குப் போய் மொடாவுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு எழுதினாளாம்.

கட்டுத்தரையில கன்னு கத்துது
பொடக்காளியில போசி உருளுது
வந்த ஒறம்பரை திண்ணையில ஒக்காந்து
மழை பேயுமான்னு மானம் பாக்குது
மொடாவுக்குள்ள கையுட்டு
அம்மாயி அரிசியத் தொளாவறா
மொடா சத்தம் கேக்குது
அரிசி சத்தம் கேக்குல
"இருந்து உண்டுட்டுப் போலாமுங்க"ங்கறா
சிரிச்ச மொகம் சிரிச்சபடி

தமிழம்மாவுக்காக ஒரு வரி பொருள்: பொடக்காளி வீட்டின் பின்பக்கத்து நீர் புழங்கும் இடம், போசி பாத்திரம், மொடா பெரிய பானை, ஒறம்பரை விருந்தாளி. கறார் அண்ணன் கவனிக்க, அவள் தமிழில் தொண்ணூற்றாறு.

கறார்

கவனித்தேன். நன்றாக இருக்கிறது. "கேக்குல" என்பது "கேட்கவில்லை"தானே?

கொடைக்கு வந்தவன்

எங்க பக்கம் இதுக்கு மொடா சரிவராது, குலுக்கைன்னு சொல்லுவோம். மண்ணுல செஞ்சது, ஆள் ஒசரம். அதுல அரிசி தேடணும்னா ஆச்சி கை பத்தாது, ஒரு சின்னப் பிள்ளையைத்தான் உள்ள எறக்கிவிடணும். என்னை எறக்கியிருக்காவ.